நடக்க உரிமை பெற்றோம். கடக்க உரிமை எங்கே?

"எல்லாம் தலையெழுத்துங்க, சார்!" என்றாள் அந்தத் தாய்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, நெடுஞ்சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றிலே ஆசிரியனாகப் பணியாற்றுகிறேன். ஏழாம் வகுப்பிலே படிக்கும் சிறுமி ஒருத்தி பத்து நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. காரணம் அறியத் தேடிச் சென்றேன். பள்ளி இருப்பது சாலைக்குக் கிழக்கே. அவள் குடியிருக்கும் காலனி மேற்கே. முன்பெல்லாம் சாலையைத் தாண்டினால் பள்ளி. மணி அடிக்கும் ஓசை கேட்டுப் புறப்பட்டாலும் நேரத்துக்கு வந்துவிடலாம். இன்றோ சாலை நால்வழியாகிவிட்டது. நடுவிலே கான்கிரீட் தடுப்பு. அதில் இடைவெளி வேண்டுமானால் வெயிலில் நெடுந்தூரம் போய்ச் சுற்றித் திரும்ப வேண்டும். கைக்குழந்தையோடு வருபவளும், கோல் ஊன்றி வரும் கிழவரும் அவ்வளவு தூரம் நடப்பரோ? ஏறிக் குதிக்கிறார்கள். அப்படிக் குதித்த முதியவர் ஒருவர், அந்தி மயங்கும் நேரத்திலே வண்டியில் அடிபட்டு மாண்டார். அன்று முதல் அந்தச் சிறுமி பள்ளிக்கு வரவில்லை.

"அவரு போற நேரம் அப்படி அமைஞ்சுபோச்சு. புள்ளைய அனுப்பப் பயமா இருக்குதுங்க" என்றாள் தாய். அனுப்ப அஞ்சும் அந்தத் தாயே, நாள்தோறும் தலையிலே மீன்கூடையைச் சுமந்துகொண்டு அதே தடுப்பைத் தாண்டுகிறாள்! அவளுக்கு அச்சம் இல்லையா? இருக்கிறது. ஆனால் அச்சத்தைவிடப் பசி பெரிது.

தலையெழுத்து என்கிறாள் அவள். தோழர்களே, எழுதியவன் யார்? நான்முகன் எழுதினான் என்றால், அவன் எழுதியதை எவரும் கண்டதில்லை. ஆனால் இந்தச் சாலையை எழுதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வரைந்த படம் இருக்கிறது. எந்த இடத்திலே மேம்பாலம், எந்த இடத்திலே சுரங்கப்பாதை, எந்த இடத்திலே எதுவுமே இல்லை என்பது அந்தப் படத்திலே குறிக்கப்பட்டிருக்கிறது. எழுதியது மனிதனின் கை. மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம். விதி என்று சொல்லி வாய்மூடிக் கிடப்பவரைக் காணும்போது மகிழ்கிறவர் யார்? பிழையாக எழுதியவர்தாம்!

சாலைக்கு நாம் பகைவரல்லர். நோயாளியை விரைவாகப் புதுவை ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பது சாலை. உழவனின் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்வது சாலை. 'எட்டி நில்' என்று சொல்லப்பட்டவனையும், சொன்னவனையும் ஒரே பேருந்திலே அருகருகே உட்கார வைத்ததும் சாலைதான். குட்டைபோலத் தேங்கிக் கிடந்த ஊர்களை உலகத்தோடு இணைத்த சாலையை நாம் வரவேற்கிறோம். நாம் கேட்பது ஒன்றே: ஊரை உலகத்தோடு இணைக்க வந்த சாலை, ஊரையே இரண்டாகப் பிளக்கலாமா?

வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். நம் நாட்டிலே தெரு என்பது வெறும் மண்ணும் கல்லும் அன்று. அதிலே சாதி இருந்தது. தில்லையை நாடிச் சென்ற நந்தன் தீயிலே மூழ்கி எழுந்த பின்னரே உள்ளே போக முடிந்தது என்று புராணம் புகல்கிறது. அதே சிதம்பரத்திலே 1916-இல் சுவாமி சகஜானந்தர், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக அந்த நந்தனாரின் பெயராலேயே பள்ளி கண்டார். 1924-இல் வைக்கத்திலே மூண்ட போர், கோயிலுக்குள் நுழைவதற்காக அன்று. கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களிலே நடப்பதற்காக! தெருவிலே நடக்கும் உரிமைக்காகத் தந்தை பெரியார் சிறை புகுந்தார். ஒருமுறை அன்று, இருமுறை. மனிதன் தெருவிலே நடப்பதற்கு ஒரு போர் தேவைப்பட்ட நாடு இது.

அந்தப் போரிலே வென்றோம். நடக்க உரிமை பெற்றோம். ஆனால் இன்று அதே மனிதன் சாலையின் ஓரத்திலே கூடையோடு நிற்கிறான், கடக்க வழியில்லை. அன்று, 'தெருவுக்குள் வராதே' என்றார்கள். இன்று, தெருவே அவன் வீட்டுக்குள் வந்துவிட்டது; அவனுக்காக நிற்கத்தான் அதற்கு நேரமில்லை!

இந்தச் சாலையின் கதையைக் கேளுங்கள். முன்பு 45-ஏ என்று எண்ணிடப்பட்டிருந்தது, விழுப்புரத்திலிருந்து புதுவை, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை. கடலூர், சிதம்பரம் பகுதியில் இன்று அதன் எண் 32. ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளமுள்ள இதனை நால்வழியாக்கும் திட்டம் நான்கு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டும் நூறு கிலோமீட்டருக்குக் கீழ். இதிலே என்ன வியப்பு என்பீர்கள். விதியைப் படியுங்கள், வியப்பு விளங்கும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கை 2013-இல் திருத்தப்பட்டது. அதன்படி, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலையை விரிவாக்கும்போது, பழைய தடத்திலே 40 மீட்டருக்கும் புதிய தடத்திலே 60 மீட்டருக்கும் மேல் கூடுதல் நிலம் எடுத்தால்தான் முன்அனுமதி தேவை. ஒரே சாலை நூறைத் தாண்டும். நான்கு துண்டுகள் தாண்டா. கணக்கு எவ்வளவு அழகு!

வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. துண்டாக்குவது செல்லாது, அனுமதி பெற்றே தீரவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டிலே 2021 சனவரி 19 அன்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எடுக்கும் நிலத்தின் அகலம் வரம்புக்குள் இருப்பதால் அனுமதி தேவையில்லை என்றது. அந்த 40, 60 மீட்டர் வரம்பை மீறக்கூடாது என்றும் கட்டளையிட்டது. ஆனால் அதே தீர்ப்பு, சுற்றுச்சூழல் ஆய்வைத் தவிர்ப்பதற்கான உத்தியாகத் துண்டாக்கலைக் கையாளக்கூடாது என்றும் கூறி, எந்தச் சூழ்நிலையில் துண்டாக்கலாம் என்பதை ஆராய வல்லுநர் குழு அமைக்கச் சொன்னது. தீர்ப்பை மதிக்கிறோம். அதிலே வந்த எச்சரிக்கையையும் சேர்த்தே மதிக்கிறோம். மதிக்க வேண்டியவர்கள் மற்றவர்களும்தாம்!

ஆய்வு எதற்கு என்று கேட்போருக்கு எங்கள் மாவட்டத்து மண்ணே விடை சொல்லும். கெடிலம், தென்பெண்ணை, பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் அனைத்தும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடிக் கடலிலே கலப்பவை. சாலையோ வடக்கிலிருந்து தெற்கே செல்வது. ஓடிவரும் வெள்ளத்துக்குக் குறுக்கே மண்கொட்டி உயர்த்திய சாலை, போதிய மதகும் பாலமும் இல்லையானால், சாலையாக இராது, அணையாகிவிடும். 2015-இல் வெள்ளம் கடலூரைச் சூறையாடியதை நாடறியும். 2024 டிசம்பரில் தென்பெண்ணை மீண்டும் பெருக்கெடுத்தது. அணைக்கு மேற்கே அகப்பட்டவன் குடிசையிலே நீர் ஏறும்போது, அதையும் வருணன் மீது போடுவார்கள். மதகை மறந்தவர் மீது போடமாட்டார்கள்.

நிலம் எடுக்கும் முறை எப்படி? 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி எடுக்கிறார்கள். நிலம் எடுக்கப் போகிறோம் என்று அறிவிக்கை வெளியாகும். அதன் சாரம் உள்ளூரில் வெளிவரும் இரண்டு நாளேடுகளில் வரும். அவற்றுள் ஒன்று தாய்மொழி நாளேடு. அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்கலாம். மூன்றே வாரம்! நாளேடு எட்டாத குடிசையிலே, ஊருக்கே செய்தி தெரியும் முன்னர் காலம் முடிந்துவிடும். 2013-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம், சமூகத்தின் மீது விளையும் தாக்கத்தை ஆராயவேண்டும் என்று சொல்லிற்று. நல்ல சட்டம். ஆனால் நெடுஞ்சாலைக்கு அந்த ஆய்விலிருந்து விலக்கு! இழப்பீட்டுக் கணக்கு 2015 முதல் பொருந்தும். அதாவது, வீடு என்ன விலை என்று கேட்கலாம். வீடு போனால் வாழ்வு என்னாகும் என்று கேட்கக்கூடாது. அந்த விலையும் பட்டா உள்ளவனுக்கு. தலைமுறை தலைமுறையாகப் புறம்போக்கிலே குடிசை போட்டு வாழ்ந்தவனுக்குப் பட்டா இல்லை. 'ஆக்கிரமிப்பாளர்' என்ற பட்டம் உண்டு!

இந்தக் கொடுமை நம் நாட்டிலே மட்டுந்தானா? செல்வமும் அறிவும் செழித்த அமெரிக்காவைப் பாருங்கள். 1956-இல் அங்கே மாநிலங்களை இணைக்கும் மாபெரும் நெடுஞ்சாலைத் திட்டத்துக்குச் சட்டம் வந்தது. மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரிலே ரொண்டோ என்றொரு பகுதி. கருப்பின மக்கள் கடை வைத்து, வழிபாட்டு மன்றம் வைத்து, மதிப்போடு வாழ்ந்த இடம். இருப்புப்பாதையை ஒட்டி வேறு வழியிலே சாலை போடலாம் என்று அந்நகரத்துப் பொறியாளரே எடுத்துரைத்தார். கேட்டார்களா? இல்லை. ரொண்டோவின் நெஞ்சைப் பிளந்துகொண்டு போயிற்று சாலை. 2015-இல் நகரத் தலைவரும் மாநிலப் போக்குவரத்து ஆணையரும் அம்மக்களிடம் மன்னிப்புக் கேட்டனர். அரை நூற்றாண்டு கழித்து! மன்னிப்பு வந்தது, வீடு வரவில்லை. அங்கே நிறம் பார்த்துக் கோடு போட்டார்கள். இங்கே ஊரென்றும் சேரியென்றும் பிரிந்து கிடக்கும் நாட்டிலே, நிலத்தின் விலை குறைந்த பக்கம், குரலின் வலிமை குறைந்த பக்கம், கோடு சாயாது என்று எவரால் உறுதி கூற முடியும்?

"நாடு முன்னேற யாராவது தியாகம் செய்யத்தானே வேண்டும்?" என்று கேட்கிறார்கள் பெரிய மனிதர்கள். செய்யலாம், ஐயா! தியாகம் என்பது, தானே விரும்பித் தருவது. கேட்காமல் பறித்துக்கொள்வதற்குத் தமிழிலே வேறு சொல் உண்டு.

இன்னும் ஒரு வேடிக்கை. சாலை தொடங்கும்போது பூமி பூசை. திறக்கும்போது தேங்காய். அடிக்கடி விபத்து நேரும் இடத்திலே பேய் உலவுகிறது என்று சொல்லி, எலுமிச்சம்பழம் கட்டி, பூசணிக்காய் உடைக்கிறார்கள். உடைத்த பூசணிக்காயிலே சறுக்கி விழுகிறவன் மற்றொருவன்! பேய் அங்கே இருப்பது உண்மைதான். விளக்கில்லாத திருப்பம் என்பது அதன் பெயர். அணுகுசாலை இல்லாத சந்திப்பு என்பது அதன் பெயர். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டிலே மட்டும் சாலை விபத்துகளில் மாண்டவர் 1,68,491 பேர். மொத்தச் சாலைகளின் நீளத்திலே தேசிய நெடுஞ்சாலை ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு. மாண்டோரிலே மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் அந்தச் சாலைகளிலே மாண்டார்கள். மாண்டோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். இவ்வளவு பேருக்கும் ஒரே மாதிரியாகத் தலையிலே எழுதிய பிரமனுக்கு, நெடுஞ்சாலை மீது மட்டும் ஏன் இத்தனை விருப்பம்?

2025 சூலை 8 காலையிலே, கடலூரை அடுத்த செம்மங்குப்பத்து ரயில்வே கடவிலே பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் மாண்டார்களே, நினைவிருக்கிறதா? அது இருப்புப்பாதை, இது தார்ச்சாலை. ஆனால் கடக்க வந்த பிள்ளையின் உயிர் ஒன்றுதான். சுரங்கப்பாதைத் திட்டம் காகிதத்திலே இருந்தது. பிள்ளைகள் கடவிலே இருந்தார்கள்.

இளைஞர்களே! புலம்புவதற்காக இதனை எழுதவில்லை. பகுத்தறிவு என்பது கடவுள் உண்டா இல்லையா என்று மேடையிலே வாதிடுவதோடு முடிந்துவிடுவதன்று. காரணம் கேட்பது பகுத்தறிவு. சாலை உங்கள் ஊருக்கு வருகிறது என்ற பேச்சு எழுந்த அன்றே, அறிவிக்கையைத் தேடிப் படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். 21 நாட்களுக்குள் மறுப்பு மனு எழுதிக் கொடுங்கள். பாதை வரைபடத்தைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். பள்ளி எந்தப் பக்கம், காலனி எந்தப் பக்கம், சுடுகாடு எந்தப் பக்கம், மதகு எங்கே என்று குறித்துக் கிராமசபையிலே வையுங்கள். "சுரங்கப்பாதை இல்லாமல் நால்வழி இல்லை" என்று தீர்மானம் போடுங்கள்.

நாங்கள் தொடங்கிவிட்டோம். என் மாணவர்கள் சாலையோரத்து மரநிழலிலே அமர்ந்து, ஒரு மணி நேரத்திலே எத்தனை பேர் தடுப்பைத் தாண்டிக் குதிக்கிறார்கள் என்று எண்ணினார்கள். அதிலே முதியவர் எத்தனை, பெண்கள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்று பட்டியல் போட்டார்கள். கணக்குப் பாடம் அன்றைக்கு அதுதான்! அந்தப் பட்டியலை இணைத்துக் கிராமசபையிலே தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியிருக்கிறோம். விடை இன்னும் வரவில்லை. வரும்வரை கேட்போம்.

அந்தச் சிறுமி மீண்டும் பள்ளிக்கு வருகிறாள். காலனிப் பெண்கள் நான்கு பேர், முறை வைத்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும் பிள்ளைகளைக் கைபிடித்துக் கடத்திவிடுகிறார்கள். அவர்களிலே ஒருத்தி அந்தத் தாய். சென்ற வாரம் அவள் என்னைக் கண்டு கேட்டாள்: "அந்தப் படம் போட்டவரு யாருங்க, சார்? அவரு பேரு தெரியுமா?"

தலையெழுத்து என்று சொன்னவள், எழுதியவன் பெயரைக் கேட்கத் தொடங்கிவிட்டாள்.