சிலர் கூடிச் செய்யும் விதி

உலக வர்த்தக ஸ்தாபனத்தின் 166 உறுப்பினர்களும் ஏகமனதாகச் சம்மதித்தாலன்றிப் புதிய விதி எதுவும் பிறக்கலாகாது என்னும் மரபு, எளிய தேசங்களுக்குக் கவசமாக விளங்கியது உண்மையே ஆயினும், 2001-ல் தோஹாவில் தொடங்கிய பேச்சு முடிவு காணாமலே தேய்ந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே சில தேசங்கள் மாத்திரம் தனியே கூடி உடன்படிக்கை செய்துகொள்ளும் முறையைச் சூழ்ச்சி என்று ஒரேயடியாக ஒதுக்குவோரின் கட்சியில் நான் சேரமாட்டேன். சலுகை யாருக்கு, கடமை யாருக்கு என்பதே என் கேள்வி.

1996-ல் சிங்கப்பூரில் உருவான தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் சேர்ந்த தேசங்கள், கணினி முதலிய பொருள்களின் மீது சுங்க வரியை அறவே நீக்க இசைந்ததோடு, அச்சலுகையைச் சேராதவர்களின் சரக்குக்கும் அளித்தன. அரசாங்கக் கொள்முதல் உடன்படிக்கையிலோ, கையொப்பமிட்டோருக்கே பந்தியில் இடம். முன்னதில் 1997-ல் சேர்ந்த இந்தியா, 2017-ல் கைபேசிக்கு 10 சதவீத வரி விதித்து, மறு ஆண்டே அதை 20 ஆக உயர்த்தியது. அந்நாளில் பிறவாத கருவிகளுக்குப் பழைய வாக்குறுதி பொருந்தாது என்று நாம் செய்த வாதத்தை ஸ்தாபனத்தின் விசாரணைக் குழு 2023-ல் நிராகரித்தது. நாம் மேல்முறையீடு செய்தோம். ஆனால் நீதிபதிகளை நியமிக்க அமெரிக்கா இசையாததால் 2019 டிசம்பர் முதலே செயலிழந்த மேல்முறையீட்டு மன்றத்தில், அந்த வழக்கைக் கேட்பார் இல்லை. தோற்றவருக்கு இது சௌகரியந்தான்! ஐரோப்பிய ஒன்றியம் முதலியோர் 2020-ல் தமக்குள் ஒரு தற்காலிக மேல்முறையீட்டு ஏற்பாட்டைச் செய்துகொண்டனர். இந்தியா அதில் இல்லை.

2024-ல் அபுதாபியில், முதலீட்டு வசதிக்கான உடன்படிக்கையை ஸ்தாபனத்தின் சட்டத்தோடு இணைக்க 120-க்கும் மேற்பட்டோர் வேண்டியபோது, இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் ஆட்சேபித்தன. அத்தகைய இணைப்புக்கு ஏகோபித்த சம்மதம் அவசியம் என்று மராகேஷ் உடன்படிக்கையே கூறுவதால், ஆட்சேபம் சட்டப்படி செல்லும். எனினும் அந்த முதலீட்டு உடன்படிக்கையின் கடமைகள் கையொப்பமிட்டவர்களையே கட்டுப்படுத்தும் என்பதையும், அதை விரும்பியோரில் ஆப்பிரிக்காவின் ஏழைத் தேசங்கள் பல உண்டு என்பதையும் நினைக்கையில், வெறும் மறுப்போடு நிற்பது நமக்கு அழகன்று. சேராதவர் மீது எக்காலத்தும் எந்தச் சுமையும் ஏறலாகாது, இந்த இணைப்பை முன்னுதாரணமாகக் காட்டி வேறு உடன்படிக்கைகளை உள்ளே நுழைக்கலாகாது என்ற நிபந்தனைகளை எழுத்தில் வைத்து, அவற்றை ஏற்றால் இணைப்புக்குத் தடை சொல்லோம் என்று ஜெனீவாவில் இந்தியா அறிவிக்கட்டும்.