கோடு இழுக்கிற வேலை

டிஸ்கி: நான் படிக்கிறது பி.காம். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் இதில் ஏதாவது இடறினால் தாராளமாகத் திட்டலாம் :-)

தமிழ்நாட்டு எலக்ட்ரானிக்ஸ் துறை பற்றி எந்தப் பேப்பரில் செய்தி வந்தாலும் கூடவே ஒரே மாதிரி போட்டோதான். அங்கி, தலையில் தொப்பி, வரிசையாக உட்கார்ந்து போர்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள். அந்த போர்டில் ஓடுகிற செம்புக் கோடுகளை யார் வரைந்தார்கள், எங்கே உட்கார்ந்து வரைந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், காசு இருக்கிற இடம் அந்தக் கோடுதான்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா கதை எல்லோருக்கும் தெரியும். 2006ல் உற்பத்தி ஆரம்பம், 2011க்குள் 50 கோடி போன், 2014 நவம்பர் 1 அன்று மூடல். எங்கள் திருவொற்றியூர் பக்கத்திலிருந்து அந்த மாதிரி கம்பெனிகளுக்கு வேலைக்குப் போன அண்ணன்கள், அக்காக்கள் உண்டு. லைனில் பாகத்தை எடுத்து வைப்பதுகூட மெஷின்தான். மனிதர்கள் செய்தது சோதிப்பது, பூட்டுவது, பேக் செய்வது. லைன் நின்ற அன்று கூடவே எடுத்துப் போக ஒரு தொழில் இல்லை. கோடு வரையத் தெரிந்தவனுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் ராயபுரத்து மாடி ரூமில் உட்கார்ந்தே அடுத்த வேலையை ஆரம்பிக்கலாம்.

சரி, அப்படி என்ன பெரிய கோடு?

பழைய ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ரெசிஸ்டருக்கு இரண்டு கால் இருக்கும், போர்டில் ஓட்டை இருக்கும், காலை நுழைத்து அடியில் ஈயம் வைப்பார்கள். இப்போது பெரும்பாலான பாகங்களுக்குக் காலே கிடையாது. போர்டின் மேல்பரப்பில் ஒட்டிக்கொண்டு உட்காரும். அதைத்தான் எஸ்.எம்.டி என்கிறார்கள். 0603 என்று ஒரு அளவு, 1.6 மில்லிமீட்டருக்கு 0.8. அரிசிக் குருணையை விடச் சின்னது.

டிசைன் சாஃப்ட்வேரில் பாகங்களைப் பரப்பி வைத்ததும், எது எதோடு சேர வேண்டும் என்று மெல்லிய நூல் மாதிரி கோடுகள் காட்டும். குருவிக்கூடு போலக் குழம்பிக் கிடக்கும். அந்த நூல்களை ஒவ்வொன்றாக நிஜச் செம்புப் பாதையாக மாற்றுவதுதான் ரூட்டிங். அந்தப் பாதைக்குப் பெயர் டிரேஸ், பாகம் உட்காரும் செம்புத் திட்டுக்குப் பெயர் பேட். இரண்டு பக்கமும் செம்பு உள்ள போர்டில், கால் உள்ள பாகத்தின் ஓட்டைக்கு உள்ளேயும் செம்பு பூசியிருக்கும். அதனால் மேலிருந்தும் இணைக்கலாம், கீழிருந்தும் இணைக்கலாம். எஸ்.எம்.டி பேட் அப்படியில்லை. அது ஒரே பக்கம்தான். அடிப்பக்கத்தில் இழுத்த டிரேஸ் அந்த பேடுக்கு நேர் கீழே போனாலும் இரண்டும் சேராது. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். கோட்டைப் போட்டாச்சு, நூல் மறையவே மாட்டேங்குது, சாஃப்ட்வேர் ரிப்பேர் என்பார்கள். மேம்பாலத்தில் போகிற பஸ் கீழே இருக்கிற டீக்கடையில் நிற்குமா? இறங்கு பாதை வேண்டும். போர்டில் அந்த இறங்கு பாதைக்கு வையா என்று பெயர். செம்பு பூசிய ஒரு சின்ன ஓட்டை.

இனிமேல் வருவது என் ஏரியா. காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் மெட்டீரியல், லேபர், ஓவர்ஹெட் என்று பிரித்துப் பிரித்துப் படிக்கிறோம். ஆனால் போர்டு விஷயத்தில் அந்த மூன்றில் பெரும்பகுதி ஃபேக்டரிக்குப் போகும் முன்பே, மவுஸ் பிடித்தவர் கையில் முடிவாகிவிடுகிறது. நாலு பாகத்தைப் பின்பக்கம் தள்ளினால் கோடு போடுவது சுலபம். ஆனால் ஃபேக்டரியில் அந்த நாலுக்காக இன்னொரு முறை பேஸ்ட் தடவி, இன்னொரு முறை பாகம் வைத்து, இன்னொரு முறை அடுப்பில் விட வேண்டும். இரண்டு லேயரில் பொறுமையாக முடிக்கக்கூடியதை நாலு லேயர் ஆக்கினால் ஒவ்வொரு போர்டுக்கும் கூடுதல் காசு.

இடம் இல்லை என்று வையாவை பேடுக்குள்ளேயே வைப்பவர்கள் உண்டு. அடுப்பில் உருகின ஈயம் அந்த ஓட்டை வழியாகக் கீழே இறங்கிவிடும், பாகம் சரியாகப் பிடிக்காது. ஓட்டையை அடைத்துத் தரச் சொன்னால் அதற்குத் தனி பில். இன்னொன்று இதைவிட வேடிக்கை. ஒரு சின்ன கெபாசிட்டரின் ஒரு பேடில் மெல்லிய டிரேஸ், இன்னொரு பேட் பெரிய செம்புப் பரப்போடு அப்படியே ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். பெரிய பரப்பு சூட்டை இழுத்துக்கொள்ளும், அந்தப் பக்க ஈயம் தாமதமாக உருகும். முதலில் உருகிய பக்கம் இழுத்த இழுப்பில் கெபாசிட்டர் எழுந்து நின்றுவிடும், கல்லறைக்கல் மாதிரி. அதற்கு அதே பெயர்தான் வைத்திருக்கிறார்கள். இதற்கு மருந்து, பேடைச் செம்புப் பரப்போடு நாலு மெல்லிய பட்டையால் மட்டும் இணைப்பது. சாஃப்ட்வேரில் ஒரு செட்டிங், அவ்வளவுதான். ஆனால் அதைத் தெரியாமல் விட்டால் ரிப்பேர் செலவு லேபர் கணக்கில் ஏறும். திட்டு வாங்குவது லைனில் நிற்கிறவர்.

'ஆட்டோரூட்டர் இருக்கே, பட்டனை அழுத்தினால் அதுவே போட்டுவிடுமே' என்பவர்களுக்கு: போடும். நூறு சதவீதம் முடிந்தது என்றும் சொல்லும். ஐ.சி.யின் பவர் காலுக்குப் பக்கத்திலேயே ஒரு 100 நானோஃபாரட் கெபாசிட்டர் இருக்க வேண்டும் என்பது பாலபாடம். அது போர்டின் மறுகோடியில் கிடந்தாலும் கோடு சேர்ந்தால் போதும் என்பதுதான் ஆட்டோரூட்டரின் ஞானம். தவறு சோதிக்கும் டி.ஆர்.சி.யும் பூஜ்யம் பிழை என்றே காட்டும். பக்கத்தில் ரிலே ஒன்று 'டக்' என்று அடிக்கும்போது மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட் ஆனால்தான் விஷயம் தெரியும்.

நம்ம ஊர் உதாரணம் சொல்கிறேன். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயில் அமோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியது ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு காற்றை அளக்கும் சின்ன போர்டு ஒன்று செய்ய வேண்டும் என்று எங்கள் பக்கத்துப் பசங்களுக்கு ஒரு ஆசை. வழக்கமாக எடுப்பது எம்.க்யூ வகை கேஸ் சென்சார். அதற்குக் கால் உண்டு, உள்ளே ஒரு ஹீட்டரும் உண்டு, 5 வோல்ட்டில் சுமார் 150 மில்லிஆம்பியர் குடிக்கும். ஈரப்பதமும் வெப்பமும் மாறினால் இதன் அளவும் மாறும், அதைத் திருத்த பி.எம்.ஈ.280 மாதிரி ஒரு எஸ்.எம்.டி சென்சார் வேண்டும். அது 2.5 மில்லிமீட்டர் சதுரம், அடியில் 8 பேட்.

இந்த இரண்டையும் ஒரே போர்டில் வைப்பதில்தான் ரூட்டிங்கின் மொத்தப் பாடமும் இருக்கிறது. செம்பு மின்சாரத்துக்கு மட்டுமல்ல, சூட்டுக்கும் ரோடு. ஹீட்டர் பக்கத்துச் செம்புப் பரப்பை அப்படியே நீட்டிச் சின்ன சென்சாரின் கீழ் விட்டால், அது எண்ணூர் வெயிலை அளக்காது, போர்டின் ஜுரத்தைத்தான் அளக்கும். அதனால் அதைத் தள்ளி வைத்து, மெல்லிய டிரேஸ் கொடுத்து, அடியில் செம்பு இல்லாமல் விட்டு, முடிந்தால் சுற்றிலும் போர்டையே வெட்டிவிட வேண்டும். ஹீட்டருக்கு மட்டும் அகலமான டிரேஸ். ஹீட்டரின் மின்சாரம் திரும்பி வரும் கிரவுண்டு பாதையும், சென்சார் சிக்னலின் கிரவுண்டும் ஒரே ஒல்லிக் கோட்டில் வந்தால் ரீடிங்கே பொய்யாகும். போதாக்குறைக்கு உப்புக் காற்று. சைக்கிள் ரிம்மே தாங்காத ஊரில் டிரேஸ்களுக்கு நடுவில் கூடுதல் இடைவெளி விட்டு, மேலே வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சும் கொடுக்க வேண்டியிருக்கும். (இந்த வகை சென்சார் சாராய வாடைக்கும் புகைக்கும்கூடத் துள்ளும். இதை நம்பி ஊருக்குச் சங்கு ஊத முடியாது. சரியான எச்சரிக்கைக் கருவிகளை வைப்பது கம்பெனிகளும் அரசும் செய்ய வேண்டிய வேலை.) இத்தனையும் எந்த ஆட்டோரூட்டருக்கும் தெரியாது. எண்ணூரில் இருப்பவனுக்குத்தான் தெரியும்.

2025 மார்ச்சில் மத்திய அரசு எலக்ட்ரானிக் பாகங்கள் உற்பத்திக்கு 22,919 கோடி ரூபாய் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. பல லேயர் போர்டுகளும் எஸ்.எம்.டி பாகங்களும் அதில் அடக்கம். அடுத்த மாதமே தமிழக அரசும் அதற்கு ஈடாகத் தனித் திட்டம் அறிவித்தது. நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பாலிடெக்னிக் லேபில் இன்னும் ஓட்டை போட்ட ஜெனரல் போர்டில் கால் வைத்த பாகம்தான். எஸ்.எம்.டியைப் பாடத்தில் மனப்பாடம் செய்துவிட்டுப் பையன் வெளியே வருகிறான்.

ஒரு ஆள் வரைந்தால் லட்சம் போர்டு அடிக்கலாம், பிறகு எத்தனை பேருக்குத்தான் இதில் வேலை என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. லட்சக்கணக்கில் அடிக்கிற செல்போனுக்கு அந்தக் கணக்கு சரி. காசிமேட்டுப் படகுக்கு பேட்டரி மீட்டர், பட்டறைக்கு மோட்டார் டைமர் என்றால் தேவை ஐம்பதோ நூறோதான். இதற்கெல்லாம் இன்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரெடிமேட் மாட்யூல் வாங்கி ஒயரால் கட்டிக் கொடுக்கிறார்கள். ஆறு மாதத்தில் ஒயர் கழன்றுவிடும். அந்த நூறுகளை எந்தப் பெரிய கம்பெனியும் சீண்டாது.

சாஃப்ட்வேர் விலையைக் காரணம் சொல்லவும் வழியில்லை. கிகேட் இலவசம். 1992ல் ஜான்-பியர் ஷாரா என்ற பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்தது. ஒரு கோட்டை இழுத்தால் பக்கத்துக் கோடுகள் தானே நகர்ந்து வழிவிடும் வசதியை அதில் சேர்த்தது ஜெனீவாவின் சேர்ன் ஆட்கள். ஐ.ஐ.டி பம்பாயின் ஃபாசீ குழு தரும் ஈசிம்மும் இலவசம்தான், அதுவும் கிகேட்டோடுதான் வேலை செய்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஈகிளை நம்பியவர்களுக்கு, 2026 ஜூன் 7 வரைதான் என்று ஆட்டோடெஸ்க் 2023லேயே தேதி குறித்துவிட்டது.

யாராவது ஆரம்பிப்பதாக இருந்தால், முதல் போர்டுக்கு 0805 அளவு பாகங்களை எடுங்கள். 2 மில்லிமீட்டர் நீளம், சாதாரண சால்டரிங் அயர்னிலேயே வைத்துவிடலாம். 0402 பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். தும்மினால் காணாமல் போகும் :-)