கரண்டு யானைக்குத் தீனி எங்கே?

ராத்திரி லாரியில் வந்து இறங்குகிற தக்காளி, விடிவதற்குள் சென்னை முழுக்கப் போய்ச் சேரணும். லாரியால் சந்துக்குள் நுழைய முடியாது. மீன்பாடி வண்டி மேம்பாலத்தில் திணறும். இரண்டுக்கும் நடுவில் வந்ததுதான் குட்டி யானை!

கம்பெனி வைத்த பெயர் டாட்டா ஏஸ். 2005-ம் ஆண்டு மே மாதம் விற்பனைக்கு வந்தது. கம்பெனிப் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் முழிப்பார்கள். குட்டி யானை என்றால் குழந்தைக்கும் தெரியும். வீடு மாற்றணுமா? கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் ஏற்றணுமா? கடைக்கு அரிசி மூட்டை வரணுமா? எல்லாவற்றுக்கும் அதுதான்.

பெண் கிடைக்கும்!

இந்த வண்டியை ஏன் வாங்குகிறார்கள்? லோடு அடிக்கத்தான் என்று சொன்னால் அது பாதிப் பதில்.

வண்டியை வடிவமைப்பதற்கு முன்பு, மூன்று சக்கர லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்களிடம் கம்பெனிக்காரர்கள் போய் விசாரித்தார்கள். நாலு சக்கர வண்டி எதற்கு என்று கேட்டதற்கு ஒருவர் சொன்ன காரணம், ஊரில் நல்ல இடத்தில் பெண் கிடைக்கும் என்பது! சிரிக்கிற விஷயம் இல்லை இது. நேற்று வரை கிளீனர். இன்றைக்கு முதலாளி. கண்ணாடியில் பிள்ளைகள் பெயர், நெற்றியில் குலசாமி பெயர். அந்த மரியாதைக்கும் சேர்த்துத்தான் மாசா மாசம் டியூ கட்டுகிறார்கள்.

லைசென்சு தொல்லையும் குறைந்தது. கார் ஓட்டுகிற சாதாரண லைசென்சே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கும் போதும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் சொன்னது. 2024 நவம்பரில் அரசியல் சாசன பெஞ்சும் அதையே உறுதி செய்தது.

எல்லாம் சரி. டீசல் போடும்போதுதான் வயிறு எரிகிறது. லிட்டர் 90 ரூபாய்க்கு மேல். பெட்ரோல் 100-ஐத் தாண்டிவிட்டது. வாடகையை ஐம்பது ரூபாய் ஏற்றிக் கேட்டால் கடைக்காரர் அடுத்த வண்டியைக் கூப்பிடுகிறார்.

கணக்கு இதோ!

கரண்டு வண்டி மேல் ஆசை வருவது இந்த இடத்தில்தான். ஏஸ் வண்டியின் கரண்டு மாடல் 2022 மே மாதம் அறிமுகமானது. அதற்குப் பிறகு 2025 ஜூனில் ‘ஏஸ் புரோ’ என்ற சின்ன வண்டி வந்தது. வந்தபோது பெட்ரோல் வண்டி 3 லட்சத்து 99 ஆயிரம். கரண்டு வண்டி 6½ லட்சம். இரண்டரை லட்சம் கூடுதல்!

ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் 60 கிலோ மீட்டர் ஓட்டம். லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் என்றால் பெட்ரோல் செலவு 400 ரூபாய். கரண்டு வண்டிக்கு 10 யூனிட் என்று தாராளமாகவே வைக்கலாம். யூனிட் 10 ரூபாய் என்றாலும் 100 ரூபாய்தான். நாளைக்கு 300 மிச்சம். மாசம் 25 நாள் ஓடினால் 7,500 ரூபாய். மூன்று வருஷத்துக்குள் கூடுதல் விலை கைக்கு வந்துவிடும்.

கிளட்சும் கிடையாது, கியரும் கிடையாது. பாரிமுனை நெரிசலில் கிளட்சு மிதித்து மிதித்து இடது முட்டி போனவர்களைக் கேட்டால் தெரியும், இது எத்தனை பெரிய விஷயம் என்று.

யார் வாங்குகிறார்கள்?

2022-ல் அந்த முதல் மாடல் அறிமுகமான அன்றைக்கே 39 ஆயிரம் வண்டிக்கு ஒப்பந்தம் போட்டார்கள். போட்டது யார்? அமேசான், பிளிப்கார்ட், பிக்பாஸ்கெட் போன்ற பெரிய கம்பெனிகள்! அவர்களிடம் ஷெட்டு இருக்கிறது, மீட்டர் இருக்கிறது. ராத்திரி வரிசையாக நிறுத்தி சார்ஜ் போடலாம்.

ஒற்றை வண்டி வைத்திருக்கிறவர் எங்கே போவார்? அவர் குடியிருப்பது மூன்றாவது மாடியில், வாடகைக்கு. வண்டி நிற்பது தெரு முனையில். மாடியில் இருந்து ஒயரைத் தொங்கவிட முடியுமா? ஒரு பல்பு கூட எரிந்தாலே வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார்! வெளியில் காசு கொடுத்து ஏற்றலாம் என்றால், அங்கே யூனிட் விலை வீட்டு விலையை விட அதிகம். மேலே போட்ட கணக்கே கவிழ்ந்துவிடும். அதுவும் வணிக வளாகங்களில் காருக்காக வைத்த இடத்தில், வாழைத்தார் ஏற்றிய வண்டியை உள்ளே விடுவார்களா?

மிச்சம் பிடித்தே ஆக வேண்டியவருக்கு வண்டி எட்டவில்லை. மிச்சம் இல்லாவிட்டாலும் தாங்கக்கூடியவர்களுக்கு எளிதாகக் கிடைக்கிறது. மானியம், வரிச் சலுகை என்று எதை அறிவித்தாலும், செருகுவதற்கு பிளக்கு இல்லாதவர் அதை வைத்து என்ன செய்வார்?

காலை நடை முடிந்து அடுத்த லோடு வரும்வரை இந்த வண்டிகள் ஸ்டாண்டில் மணிக்கணக்கில் சும்மாதான் நிற்கின்றன. டிரைவர்கள் சீட்டாடுகிறார்கள், தூங்குகிறார்கள். சார்ஜ் ஏற வேண்டிய நேரமே அதுதான். கோயம்பேடு மார்க்கெட்டிலும் பாரிமுனைப் பக்கத்து ஸ்டாண்டுகளிலும் முதலில் பத்துப் பத்து பிளக்கு வைக்கட்டும். மாநகராட்சி இடம் கொடுக்கட்டும், மின்சார வாரியம் மீட்டர் கொடுக்கட்டும். யூனிட் விலை மட்டும் வீட்டு விலையைத் தாண்டக் கூடாது.