உப்பிய பேட்டரியும் ஒட்டிய மூடியும்

டிரான்சிஸ்டர் ரேடியோவின் குரல் கம்மத் தொடங்கியதும் அதன் பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி, மொட்டை மாடியில் வடகத்தோடு ஒரு பகல் காயவைத்து, மறுபடியும் போட்டுக் கச்சேரியின் கடைசித் துக்கடாவையாவது கேட்டு முடித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்த வாசனை விடாததாலோ என்னவோ, சென்ற சித்திரை முழுவதும் கைப்பேசியை வெயில் விழும் ஜன்னல் திண்ணையிலேயே சார்ஜில் போட்டு வந்தேன். உலர்கலத்துக்கு உபகாரம் செய்த சூரியன் லித்தியம் அயான் பேட்டரிக்குப் பரம சத்துரு. முழுச் சார்ஜோடு உஷ்ணத்தில் கிடந்தால், உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகி, மெல்லிய உறை உப்பிவிடுகிறது. மேஜையில் வைத்த கைப்பேசி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

எண்பது சதவீதத்தில் சார்ஜரைப் பிடுங்குவதும், இருபதுக்குக் கீழே இறங்க விடாதிருப்பதும், உபயோகமின்றி எடுத்துவைப்பதானால் பாதிச் சார்ஜோடு வைப்பதும் பேட்டரியின் ஆயுளை நீட்டிக்கும். அவ்வப்போது அடியோடு தீர்த்துவிட்டு ஏற்றவேண்டும் என்பது நிக்கல் காட்மியம் காலத்து உபதேசம். ஆனால் எவ்வளவு போஷித்தாலும் சில வருஷங்களில் தளர்ந்துவிடும் ஒரு பொருளை, பசை போட்டு ஒட்டிய மூடிக்குள் சிறைவைப்பது என்ன நியாயம்?

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு, சுற்றுவட்டாரத்துத் தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரமில்லாமல் போனபோது, எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பட்டன் போன்காரர் ஒருவர் நகத்தால் மூடியை நெம்பி, சட்டைப்பையிலிருந்த மாற்று பேட்டரியைப் போட்டு ஊருக்குப் பேசியதை, அணைந்துபோன விலையுயர்ந்த போன்களோடு நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சௌகரியத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீட்கப் பார்க்கிறது: சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரி முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை உபயோகிப்பவரே கழற்ற முடியவேண்டும். நம்முடைய 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள், தீர்ந்த பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்துகின்றன. மெத்தச் சரி, ஆனால் அது பேட்டரி வெளியே வந்த பிறகுள்ள கதை. இங்கும் ஐரோப்பாவைப் போல ஒரு சட்டம் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

உப்பிய என் கைப்பேசியைக் கொண்டுபோனபோது, லாட்டீஸ் பிரிட்ஜ் சாலையில் பழுது பார்க்கும் தம்பிக்கு, “உப்பிடுச்சு சார், குத்திடாதீங்க, தீப்பிடிச்சுக்கும்” என்று எச்சரித்துவிட்டு, சூடான தகட்டின்மேல் வைத்துப் பசையை இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக் வில்லையால் ஓரத்தைக் கீறிக் கீறித் திறப்பதற்கே அரைமணி நேரம் பிடித்தது. பேட்டரி மாற்றியது ஐந்து நிமிஷம். கழற்றியதை எங்கே போடுவது என்று கேட்டேன். மேஜைக்கடியில் மணல் கொட்டிய தகர டப்பாவைக் காட்டினார். அதில் ஏற்கெனவே நாலைந்து தலையணைகள் படுத்திருந்தன.