கம்ப்யூட்டர் கலாசாலையா? மந்திரப் பாடசாலையா?

இன்று நம் ஊர்களில் ஒரு பையனையோ பெண்ணையோ கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ப்பதற்காகத் தகப்பன் நிலத்தை ஈடு வைக்கிறான். தாய் கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக் கொடுக்கிறாள். மூன்று நான்கு வருஷம் கழித்துப் பிள்ளை பட்டத்துடன் வீடு வந்து சேருகிறது. அந்தச் சமயத்தில் பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்காரர் வந்து, "தம்பி! கடைக் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. கணக்கெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. கொஞ்சம் வந்து பார்" என்று கூப்பிட்டால் அந்தப் பட்டதாரி என்ன செய்கிறான்? "அது எங்கள் பாடத்தில் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து கொள்ளுகிறான்.

இது யாருடைய குற்றம்? பிள்ளையின் மூளைக் குற்றமா? அல்லது தலையெழுத்தா? இரண்டும் இல்லை. சொல்லிக் கொடுத்த முறையின் குற்றம் என்றே நாம் சொல்லுகிறோம்.

முதலில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பது என்ன என்று பார்ப்போம். ஓர் ஏரியின் கீழ் நூறு வயல்கள் இருந்தால், எந்த வயலுக்கு எப்பொழுது எவ்வளவு தண்ணீர் என்று முறை வைத்துப் பாய்ச்சுகிற நீர்ப்பாய்ச்சி ஒருவன் வேண்டும் அல்லவா? அதைப்போல ஒரு கம்ப்யூட்டருக்குள் ஒரே சமயத்தில் ஓடுகிற பல வேலைகளுக்கும் யந்திரத்தின் நேரத்தையும், மெமரியையும், டிஸ்கில் இடத்தையும் பங்கிட்டுக் கொடுப்பதுதான் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் வேலை. அந்த நீர்ப்பாய்ச்சியையே மேற்பார்வை செய்து, இன்னாருக்கு இன்ன உரிமை என்று வகுத்து, கெட்டுப் போனதைச் சரிசெய்து, கணக்குக்குப் பிரதி எடுத்து வைக்கிறவனுக்கே சிஸ்டம் அட்மினிஸ்டிரேட்டர் என்று பெயர். இது கைத்தொழில். கொல்லுப் பட்டறையைப் போல, தறியைப் போல, கையை வைத்தால் ஒழிய வராத தொழில்.

இந்தத் தொழிலை நம் கலாசாலைகள் பலவற்றில் எப்படிக் கற்பிக்கிறார்கள்? உபாத்தியாயர் பலகையில் இருபது கமாண்டுகளை எழுதிப் போடுகிறார். மாணவன் ரெக்கார்டு நோட்டில் வலப்பக்கம் கமாண்டையும், இடப்பக்கம் அதன் விடையையும் எழுதுகிறான். அந்த விடையை அவன் திரையில் பார்த்தானா என்றால் இல்லை. முன் வருஷத்து மாணவனுடைய நோட்டில் பார்த்தான்! அந்த முன் வருஷத்தானோ அதற்கும் முந்தினவனுடைய நோட்டில் பார்த்தான். இப்படிக் குருசிஷ்ய பரம்பரையாய் வருகிற இந்த நோட்டுக்கும், அர்த்தம் தெரியாமல் ஒருவன் சொல்ல மற்றவன் திருப்பிச் சொல்லுகிற மந்திரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம். மந்திரத்திலாவது ஓர் எழுத்துத் தவறினால் பாவம் என்கிறார்கள். இங்கே அந்தப் பயம்கூட இல்லை. தவறும் பரம்பரையாய் வருகிறது!

"மாணவர்கள் கையில் யந்திரத்தின் முழுச் சாவியாகிய ரூட் பாஸ்வேர்டைக் கொடுத்தால் யந்திரத்தைக் கெடுத்து விடுவார்களே?" என்று சில பெரியவர்கள் ஆட்சேபிக்கிறார்கள். பரீட்சை மார்க்கும் சம்பளக் கணக்கும் இருக்கிற சர்வரின் சாவியைக் கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. வர்ச்சுவல் மெஷின் என்று ஒன்று இருக்கிறது. ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களை உண்டாக்கி ஓட்டும் ஏற்பாடு அது. 1 ஜிபியோ 2 ஜிபியோ மெமரி ஒதுக்கினால் ஒரு சாதாரண லினக்ஸ் அதற்குள் ஓடும். இதற்கு வேண்டிய விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற புரோகிராம்களும் இலவசம், லினக்ஸும் இலவசம். மாணவன் அதை அடியோடு கெடுத்து விட்டாலும், முன்னே எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் சில நிமிஷங்களில் பழைய நிலைமைக்கு வந்து விடும். ஆகவே, கெட்டுப் போகும் என்பது வெறும் சாக்கே தவிர வேறல்ல. கெடுத்துப் பார்க்காதவன் சரிசெய்யக் கற்றதாகச் சரித்திரமே கிடையாது.

சரித்திரம் என்றதும் ஒரு சங்கதி ஞாபகத்துக்கு வருகிறது. 1969ல் அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிசாலையில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி என்பவர்கள் யூனிக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை உண்டாக்கத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்திலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர், 1976, 77ல் அந்த யூனிக்ஸின் ஆறாம் பதிப்பினுடைய மூல நிரலை, சுமார் 9,000 வரிகளை, அச்சிட்டு, அதற்கு ஓர் உரையும் எழுதித் தம் மாணவர்களுக்குக் கொடுத்தார். மாணவன் ஒரு முழு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைத் தன் கண்ணால் படித்து அறியட்டும் என்பதே அவர் எண்ணம்.

நடந்தது என்ன? 1979ல் வந்த ஏழாம் பதிப்பின் லைசென்சில், மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று முதலாளிக் கம்பெனியாகிய ஏ.டி. அண்டு டி. நிபந்தனை போட்டு விட்டது. படிக்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று சொல்லி அறிவுக்குப் பூட்டுப் போடுவது நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தம் என்று எண்ணியிருந்தோம்; வியாபாரமும் அதே பூட்டைத்தான் போடுகிறது! ஆனால் பூட்டு நிலைத்ததா? லயன்ஸின் புத்தகம் பிரதிக்குப் பிரதி எடுக்கப்பட்டு உலகமெல்லாம் கைக்குக் கை மாறியது. 1996ல்தான் அது வெளிப்படையாய் அச்சாயிற்று. இதற்கிடையில், வகுப்பில் நடத்த ஒன்றும் இல்லாமற் போனதால், ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் என்ற ஆசிரியர் மினிக்ஸ் என்ற ஒரு சிறு சிஸ்டத்தைத் தாமே எழுதி 1987ல் புத்தகத்தோடு வெளியிட்டார். அதைப் படித்து, வாங்கி, ஓட்டிப் பார்த்து, குறை கண்ட ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் 1991ல், தம் 21ஆம் வயதில், லினக்ஸை எழுதத் தொடங்கினார். இன்று ஆண்டிராய்டு போன் ஒவ்வொன்றின் அடியிலும் இருப்பது அந்த லினக்ஸின் கருவே. அந்த மாணவர் ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா?

இது நிற்க. யூனிக்ஸ் வழி வந்த சிஸ்டங்களில் ஒவ்வொரு பைலுக்கும் மூன்று வகையாருக்கு உரிமை எழுதியிருக்கும்: உடையவர், கூட்டத்தார், மற்றவர். படிக்க 4, எழுத 2, இயக்க 1. 640 என்றால் உடையவர் படிக்கலாம், எழுதலாம். கூட்டத்தார் படிக்க மட்டும் செய்யலாம். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. இந்த எண்ணைப் பிரமனும் எழுதவில்லை, சாஸ்திரமும் விதிக்கவில்லை. மனிதன் இட்டது, உடையவரோ ரூட்டோ ஒரே கமாண்டில் மாற்றக்கூடியது. இவ்வளவு தெளிவான பாடத்தை நடத்துகிற வகுப்பிலேயே மாணவன் என்றைக்கும் 'மற்றவர்' என்ற மூன்றாவது வரிசையிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறான் என்பதுதான் வெட்கக்கேடு!

பிரதி எடுத்து வைக்கும் விஷயத்தையும் பாருங்கள். "பேக்கப் எத்தனை வகைப்படும்?" என்று பரீட்சையில் கேட்கிறார்கள். மூன்று வகை எழுதினால் மார்க்கு. எடுத்த பிரதியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாயா என்று மட்டும் கேட்பதில்லை. 2017 ஜனவரி 31ந் தேதி கிட்லாப் என்ற பெரிய கம்பெனியில், களைத்துப் போன ஓர் ஊழியர் தவறான சர்வரில் கமாண்டைக் கொடுத்து, உயிருள்ள தரவுகளை அழித்து விட்டார். பிரதி எடுக்க ஏற்பாடு செய்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றாவது ஒழுங்காய் வேலை செய்யவில்லை என்பது அப்பொழுதுதான் தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாய் ஒருவர் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட் தப்பிக்க வைத்தது. அந்தக் கம்பெனி இதை மூடி மறைக்காமல் உலகத்துக்கு எழுதிக் காட்டியது. அதுதான் அறிவு நாணயம். நம்மவர்களோ ஆயுத பூசையன்று சர்வருக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் இட்டு, வாசலில் பூசணிக்காயை உடைத்து விட்டுத் திருப்தியாய் வீட்டுக்குப் போகிறார்கள். திருப்பிப் போட்டுப் பாராத பேக்கப்புக்கும் அந்தப் பூசணிக்காய்க்கும் பலன் ஒன்றே.

"இங்கிலீஷ் தெரியாத கிராமத்துப் பிள்ளைக்கு இது வருமா?" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்.எஸ்., சி.பி., சி.ஹெச்.மோடு என்பவை எந்த ஊர் இங்கிலீஷ்? லண்டன்காரனுக்கும் அவை புதிதாய்க் கற்க வேண்டிய குறிகளே. இங்கே வேண்டியது இலக்கணமல்ல, பழக்கம்.

ஆகவே நாம் கேட்பது அதிகமல்ல. ஒவ்வொரு மாணவனுக்கும் மாணவிக்கும், தானே ரூட்டாய் இருந்து ஆளக்கூடிய ஒரு வர்ச்சுவல் மெஷின் வேண்டும். பரீட்சையில் கெட்டுப்போன சிஸ்டம் ஒன்றைக் கொடுத்து, "எழுப்பிக் காட்டு" என்று சொல்ல வேண்டும். ரெக்கார்டு நோட்டில் தான் செய்த பிழையையும், அதைத் திருத்திய விதத்தையும் எழுதினவனுக்கே மார்க்கு வேண்டும்.

பெற்றோர்களே! பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது கட்டடம் எத்தனை மாடி என்று பாராதீர்கள். "எங்கள் பிள்ளைக்குச் சாவி உண்டா?" என்று கேளுங்கள். மாணவத் தோழர்களே! கலாசாலை கொடுக்கும் வரையில் காத்திராதீர்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி, லினக்ஸைப் போட்டு, கெடுத்துப் பாருங்கள். பிறகு நீங்களே சரிசெய்யுங்கள். பட்டத்தைக் கலாசாலை கொடுக்கும். தொழிலை உங்கள் கைதான் கொடுக்க வேண்டும்.