வரப்பில் நடந்த நிபுணர்

பொருளாதார நிபுணர் என்றதும் நம் கண்முன் வருவது குளிரூட்டிய அறையும் புள்ளிவிவரப் பட்டியலும்தான். வயல் வரப்பில் நடந்து, குத்தகை எவ்வளவு, கடன் எவ்வளவு என்று விவசாயியிடம் கேட்டவர்கள் எத்தனை பேர்? பிரிட்டனைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டெர்ன் அப்படிப்பட்ட ஒருவர். அவர் நடந்த வரப்பு நம் நாட்டில்தான் இருக்கிறது.

1974-75-ல் கிறிஸ்டோபர் பிளிஸ் என்ற சக பொருளாதார அறிஞருடன் அவர் ஆய்வு செய்ய வந்த ஊர் பாலன்பூர். குஜராத்தில் உள்ள பாலன்பூர் அல்ல. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் மாவட்டத்துச் சிற்றூர். மாதக்கணக்கில் அங்கே தங்கி, கோதுமைச் சாகுபடியையும் வார முறையையும் ஆராய்ந்தார்கள். 1982-ல் அது நூலாயிற்று. அதோடு ஸ்டெர்ன் அந்த ஊரை மறந்துவிடவில்லை. 2018-ல் வேறு இருவருடன் சேர்ந்து அதே ஊரைப் பற்றி இன்னொரு நூல் எழுதினார்.

இடையில் பெரிய பதவிகள் வந்தன. 2000 முதல் 2003 வரை உலக வங்கியின் தலைமைப் பொருளாதார நிபுணர். பிறகு பிரிட்டிஷ் நிதி அமைச்சகத்தில் உயர் அதிகாரி. அங்கிருந்தபோதுதான், 2006 அக்டோபரில், பருவநிலை மாற்றம் பற்றிய புகழ்பெற்ற அறிக்கையை அளித்தார். புவி வெப்பமாவதைத் தடுக்க உலக உற்பத்தியில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் செலவாகும். தடுக்காவிட்டால் 5 முதல் 20 சதவீதம் வரை இழப்பு என்பது அதன் சாரம்.

எதிர்ப்பும் எழுந்தது. வருங்கால நஷ்டத்தை இன்றைய மதிப்பில் குறைத்துக் கணக்கிடுவது பொருளாதார வழக்கம். ஆண்டுக்கு 5 சதவீதம் குறைத்தால், நூறு ஆண்டுக்குப் பின் வரும் 100 ரூபாய் நஷ்டத்துக்கு இன்று ஒரு ரூபாய்கூடப் பெறுமானம் இல்லை. ஸ்டெர்ன் எடுத்துக்கொண்டதோ ஏறத்தாழ 1.4 சதவீதம். அதன்படி அது சுமார் 25 ரூபாய். இவ்வளவு குறைந்த விகிதம் சரியல்ல என்றார் அமெரிக்காவின் வில்லியம் நார்தாஸ். அவர் பின்னர், 2018-ல், நோபல் பரிசு பெற்றவர்.

இந்த வழக்கில் நான் ஸ்டெர்ன் பக்கம். சந்தை வட்டியைக் கொண்டு மட்டும் கணக்கிட்டால், இன்னும் பிறக்காத குழந்தை தன் பங்கைக் கேட்க எந்தச் சந்தைக்கு வரும்? பேரன் அனுபவிக்கட்டும் என்று மாங்கன்று நடுகிற கிழவர் வட்டிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஏழை நாடுகளே முதலில் அடிபடும் என்று அறிக்கை சொன்னது. அது நமக்கு வெறும் ஏட்டுச் செய்தி அல்ல.

2008-ல் ஸ்டெர்ன் தம் 1 சதவீதக் கணக்கை 2 ஆக உயர்த்தினார். 2013-ல், ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஊருக்குள் போய்ப் பார்ப்பது, அரசுக்கு உள்ளதைச் சொல்வது, தவறினால் திருத்திக்கொள்வது - அரசு ஊழியருக்கு இவை மூன்றும் வேண்டும். அலுவலகங்களில் கோப்புகளோடு காலம் தள்ளும் நம்மில் பலரும் யோசிக்க வேண்டிய விஷயம் இது: நமக்கென்று ஒரு பாலன்பூர் இருக்கிறதா?