வயதைக் கேட்காதே, வேலையைக் கேள்!



எங்கள் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் பட்டணத்துத் தொழிற்சாலைக்கு வேலை கேட்டுப் போனார். நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் அவரை அழைப்போம். வயது 46. பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடப்போவதாக நிர்வாகம் அறிவித்துவிட்டது. ஆள் குறைப்பு வருமுன் வேறு பிழைப்பு தேடிக்கொள்வோம் என்று புறப்பட்டார். விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான்தான்.

பேட்டி எவ்வளவு நேரம் நடந்தது தெரியுமா? இரண்டு நிமிஷம்! மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "வயது என்ன?" அக்கா சொன்னார். "சரி, பிறகு கூப்பிடுகிறோம்" என்றார் அவர். அவ்வளவுதான். என்ன வேலை தெரியும் என்று கேட்கவில்லை. எத்தனை வருஷம் உழைத்தீர்கள் என்று கேட்கவில்லை. 28 வருஷம் விடியுமுன் எழுந்து, நெற்றி விளக்கோடு மரம் மரமாக நடந்த கால்களை அவர் பார்க்கவில்லை. இரண்டு எண்களைக் கேட்டார், கதவைச் சாத்தினார்.

லயத்துக்குத் திரும்பி வந்த அக்கா என்னைக் கேட்டார்: "ஏன் தம்பி, பாரத்தில வயச எழுதாம விட்டிருக்கலாமோ?"

அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். எழுதாமல் விட்டிருந்தாலும் தப்பியிருக்க முடியாது அக்கா! நம் அடையாளக் கார்டின் முதல் 6 எண்களே பிறந்த வருஷமும் மாதமும் தேதியும்தான். கார்டு எண்ணைக் கேட்டாலே வயதைக் கேட்டதாகும். குற்றம் எழுதியவர் மீது அல்ல, கேட்டவர் மீது!

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு ஒரு விஷயம் தெரியும். இளமரத்தைப் பால் வெட்டத் திறக்க வேண்டுமானால், நட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று கணக்குப் பார்த்து மட்டும் துரை உத்தரவு போடுவதில்லை. நாடாவைக் கொடுத்துச் சுற்றளவை அளக்கச் சொல்கிறார். 45, 50 செண்டிமீட்டர் என்று தேறினால் திறப்பார்கள், தேறாவிட்டால் காத்திருப்பார்கள். ஒரே நாளில் நட்ட இரண்டு மரங்களில் ஒன்று தேறும், பக்கத்து மரம் தேறாது. மரத்தைக்கூட அளந்து பார்த்துத்தான் முடிவு கட்டுகிறார்கள். மனிதனை மட்டும் அளக்காமலே தள்ளுகிறார்கள். மரத்துக்கு உள்ள நியாயம் மனிதனுக்கு இல்லையா?

முதலாளிமார் சொல்லும் காரணங்கள் மூன்று. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"வேலை பாரமானது" என்கிறார்கள். பாரமானதாகவே இருக்கட்டும். மூட்டை தூக்க வேண்டுமா? தூக்கிக் காட்டச் சொல். இரவு வேலை உண்டா? வர முடியுமா என்று கேள். கண் கூர்மை வேண்டுமா? சோதித்துப் பார். 46 வயதில் தூக்குகிறவரும் உண்டு. 22 வயதில் தூக்க முடியாதவரும் உண்டு. பட்டையில் காயம் படாமல் வெட்டும் கை, வருஷக் கணக்கில் பழகிய கை என்பது எந்தக் கங்காணிக்கும் தெரியும்.

"சீக்கிரம் ஓய்வு பெற்றுவிடுவார்" என்கிறார்கள். இது பொய்க் கணக்கு! 2012-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2013 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்தது. அதன்படி ஓய்வு வயதை 60-க்குக் கீழே வைக்க முடியாது. 46-இல் சேர்பவர் முன்னால் 14 வருஷம் இருக்கிறது. 20 வயதில் சேர்பவர் 14 வருஷம் இங்கேயே இருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறாரா?

"சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் வயது வேண்டும்" என்கிறார்கள். வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் வேலை கொடுத்த பிறகுதானே பதிவு? வேலை கொடு, மறுநாள் கார்டை வாங்கி எழுதிக்கொள். பிள்ளைகளை வேலைக்கு வைக்காதிருக்க 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது நல்ல சட்டம். அதற்கு, "18 நிறைந்துவிட்டதா?" என்ற ஒரு கேள்வி போதும். ஆம், இல்லை என்று பதில் வரும். 46 என்ற எண் அதற்குத் தேவையே இல்லை.

இனி, சட்டம் நமக்குத் துணை நிற்கிறதா? உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

கூட்டரசு அரசியல் சட்டத்தின் 8-ஆம் விதி சமயம், இனம், வம்சம், பிறந்த இடம், பால் என்று பாகுபாட்டுக் காரணங்களை அடுக்குகிறது. அந்த வரிசையில் வயது இல்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்துக்கு 2022-இல் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தது. பாகுபாடு பற்றிய தகராறைத் தொழில் இலாகாத் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம். அவர் உத்தரவை மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். நல்லதுதான். ஆனால் அது பேசுவது தொழிலாளிக்கும் அவருடைய முதலாளிக்கும் இடையிலான தகராறை. வாசலில் நிற்கும் அக்காவோ இன்னும் தொழிலாளி ஆகவில்லையே! உள்ளே இருப்பவருக்குக் குடை. வெளியே நிற்பவருக்கு மழை.

"வேலையில் சேராதவரைச் சட்டம் எப்படிக் காக்கும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைப் படியுங்கள். தொழிற்சங்க உறுப்பினர் என்ற காரணத்துக்காக ஒருவருக்கு வேலை மறுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஆக, வாசலில் நிற்பவரையும் சட்டத்தால் காக்க முடியும். சங்கத்தின் பெயரால் தள்ளக் கூடாதென்றால் வயதின் பெயரால் மட்டும் தள்ளலாமோ?

"கூட்டு ஒப்பந்தத்தில் சேர்த்துவிடலாமே" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடுக்கிறது. காலி இடத்துக்கு யாரை எடுப்பது என்பதைச் சங்கம் கோரிக்கையாக வைக்க முடியாது. ஆகவே இதைத் துரையின் மேசையில் தீர்க்க முடியாது. நாடாளுமன்றத்தில்தான் தீர்க்க வேண்டும். பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆள் எடுப்பதிலும் வயதைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று அது சொல்கிறது. 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு அதில் விலக்கு உண்டு, அது குறைதான். ஆனாலும் ஒரு படி ஏறியிருக்கிறார்கள். நாம் கீழ்ப்படியிலேயே நிற்பதா?

கிராணிமார்களே, நமக்கும் ஒரு வார்த்தை. நானும் இந்தப் பாவத்தைச் செய்தவன். புல் வெட்டும் கும்பலுக்கு ஆள் வேண்டும் என்று மானேஜர் சொன்னபோது, வந்த பெயர்ப் பட்டியலில் 50-க்கு மேற்பட்டவர்களை நானே சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தேன். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. மானேஜர் மனம் அறிந்து நடந்துகொண்டதாக நினைத்தேன். அன்று அடித்த பெயர்களில் ஒன்று எனக்கு எழுத்தறிவித்த பெரியவருடைய தம்பியின் பெயர். அக்கா திரும்பி வந்த அன்றுதான் அந்தச் சிவப்பு மை என் கண்ணில் பட்டது.

இளைஞர்களோடு நமக்குச் சண்டை இல்லை. "அனுபவம் போதாது" என்று இன்று அவர்களைத் தள்ளும் கைதான், "வயது கூடிவிட்டது" என்று நாளை அவர்களையே தள்ளும்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. வேலை தேடி வருபவரையும் பாகுபாட்டுச் சட்டம் காக்க வேண்டும். அதில் வயது என்ற சொல் இருக்க வேண்டும். விண்ணப்பப் பாரத்தில் பிறந்த தேதிக்கும் கார்டு எண்ணுக்கும் இடம் இருக்கக் கூடாது. வேலை உறுதியான பிறகே அவற்றைக் கேட்க வேண்டும். வயது வரம்பு வைத்தே தீரவேண்டிய வேலை என்றால், அதற்கு என்ன காரணம் என்று முதலாளி எழுதிக் காட்ட வேண்டும்.

கிளைக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். வயது கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தேதியையும் இடத்தையும் குறித்துக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். ஒருவர் சொன்னால் புலம்பல். நூறு பேர் சொன்னால் சாட்சி!

அக்கா, அடுத்த பாரத்தையும் நானே நிரப்பித் தருகிறேன். வயது என்ற கட்டத்துக்கு முன்னால், வேலை என்ற கட்டத்தில் 28 வருஷத்தையும் எழுதுவோம். அதைப் படித்துவிட்டுப் பேசட்டும்!

— தோட்டத்துக் கிராணி